புதைத்த ஆயிலைச் சோதிக்காமல் டிடிஎஸ் பார்த்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஜேசிபி பள்ளம் தோண்டியபோது துருப்பிடித்த பேரல்களும் கறுப்பு ஆயிலும் வெளியே வந்த செய்தியைப் போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். சோதிக்க வந்தவர்கள் பக்கத்துக் கிணற்றில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, டிடிஎஸ், பிஹெச் (அமில, காரத் தன்மை) பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு. ஆயில் தண்ணீரில் கரையாது, அப்புறம் அந்த மீட்டரில் அது எப்படித் தெரியும்?

சோதிக்க வேண்டியது அந்த ஆயிலையும் அதன் கீழே இருக்கும் மண்ணையும்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் ஆயிலில் பிசிபி என்ற ரசாயனம் இருக்கலாம், சூடு தாங்கும் என்பதற்காகவே ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள், உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு, புற்றுநோய் அபாயம் உண்டு என்று தெரிந்த பிறகு தடை செய்தார்கள். கறுப்பு ஆயிலோடு அது கலந்திருந்தால் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. மத்திய அரசின் 2016 அபாயக் கழிவு விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது: மறுசுழற்சிக்குப் போகும் பழைய ஆயிலில் பிசிபி 2 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும், ஈயம் 100, ஆர்சனிக் 5, காட்மியம், குரோமியம், நிக்கல் மூன்றும் சேர்ந்து 500 பிபிஎம் தாண்டக் கூடாது. இந்த எண்களில் ஒன்றைக்கூட யாரும் அளந்து பார்க்கவில்லை.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பேரலின் மேலே மட்டும் மொண்டால் போதாது, அடியில் தங்கிய சேறு, தண்ணீர், ஆயில் மூன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து, முத்திரை வைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். மண்ணை ஆயில் இறங்கிய ஆழம் வரை துளைபோட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றிலும் போர்வெல்லிலும் ஆயில் மேலே மிதக்கும், மோட்டார் அடியிலிருந்து இழுக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றால் அது சோதனையே இல்லை. பிசிபி கலந்த கனமான ஆயில் தண்ணீருக்கும் கீழே போய்த் தங்கும் என்பதால் அடிமட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்குள் அந்தப் பேரல்களை விலைபேச ஆள் வந்துவிடுவார்களோ என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம். நம் ஊரில் கறுப்பு ஆயிலுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க அதைத்தான் பூசுகிறார்கள். கையுறை கிடையாது, பழைய துணியை ஆயிலில் நனைத்து வெறுங்கையால் தேய்ப்பார்கள், முழங்கை வரை கறுப்பாக இருக்கும், அப்படியே கையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சிலர் அடுப்பெரிக்கவும் வாங்குகிறார்கள், பிசிபி உள்ள ஆயிலைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு கிளம்பும், அது இன்னும் மோசம்.

நாம் ஏற்கெனவே பட்டவர்கள். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிப்போன குரோமேட் (குரோமியம் ரசாயன) ஆலை விட்டுப்போன 2 லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு பல வருடங்கள் திறந்தவெளியில் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது, அதுவும் வேலூர் மக்கள் போட்ட வழக்கில். அதனால் சோதனைக்குப் பணம் இல்லை என்ற பேச்சை ஏற்க முடியாது, நிலத்தின் சொந்தக்காரரிடம் வசூலிக்கட்டும்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வரும்வரை ஒரு பேரல்கூட அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அறிக்கை வந்ததும் அதைத் தமிழில், எண்களோடு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். உங்கள் நிருபர் இதை விடாமல் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாலாஜாபேட்டை