மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுவதற்கு முன்

சிறைகளில் போதை மீட்புப் பணி செய்யும் ஆற்றுப்படுத்துநர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவள் எழுதுகிறேன். என் தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகியவன். அதற்குக் காசு தேடப் போய் ஒரு திருட்டு வழக்கில் சிக்கி, சமவெளிச் சிறை ஒன்றில் எட்டு மாதம் இருந்தான்.

முதலில் நன்றிக்கடன். உள்ளே போன வாரம் கண்ணும் மூக்கும் ஒழுக, வயிறு கழிந்து, அவன் சுருண்டு கிடந்தபோது நடிக்கிறான் என்றார்களாம். நடிப்பல்ல, மாத்திரை நின்றதால் வரும் நோய் என்று மருத்துவரிடம் அனுப்பி வைத்தவர் உங்களில் ஒருவர். வியாழக்கிழமைதோறும் வரும் அந்த அம்மாவுக்காகத் தலை வாரிக்கொண்டு காத்திருப்பானாம். வீட்டில் எங்களுக்காக அவன் தலை வாரி நான் பார்த்ததில்லை.

ஜாமீனில் வந்த மூன்றாம் நாள், பழைய கூட்டாளி கொடுத்ததைப் பழைய அளவிலேயே ஏற்றிக்கொண்டான். உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜீப் இருந்ததால் பிழைத்தான். மருத்துவமனையில்தான் எனக்கு விளங்கியது: மாதக்கணக்கில் நிறுத்தியவரின் உடம்பு தாங்கும் திறனை இழந்துவிடும், முன்பு பழகிய அளவே இப்போது மூச்சை அடக்கிவிடும். விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் இப்படிச் சாவோர் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எட்டு மாதம் தொடாமல் இருந்தவனிடம், தொடாமல் இருந்ததாலேயே வரும் ஆபத்தை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் நீயாவது கேட்டிருக்கக் கூடாதா என்றேன். "வார்டர் பக்கத்தில் நிற்கும்போது, இனித் தொடவே மாட்டேன் என்பதைத் தவிர வேறென்ன பேசுவது அக்கா?" என்றான். பயத்தைச் சொன்னால் மறுநாள் படுக்கையை உதறிச் சோதனை போடுவார்கள் என்பது அவன் கணக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்றே கொள்கிறது. ரகசியம் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. சிறைக்குள் போனவருக்கு அந்த உரிமை இல்லாமல் போய்விடாது. வார்டர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கட்டும். காதுக்கு எட்ட வேண்டாம். இதை நீங்கள் கேட்காவிட்டால் கைதியா கேட்பான்?

சட்டம் என்றதும் இன்னொன்று. போதைக்கு அடிமையான ஒருவர் போதைப்பொருள் உட்கொண்டதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ குற்றவாளி எனத் தீர்ப்பானால், அவர் சம்மதத்தோடு சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. தம்பியின் வழக்கு அதில் அடங்காது. அடங்கக்கூடியவர்கள் அவன் அறையிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை.

உங்கள் பதவியின் பெயரைக் கேட்டால் பள்ளியில் படித்த ஆற்றுப்படைதான் நினைவுக்கு வருகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வருபவனுக்கு வழி சொல்வான். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், எந்தக் காட்டில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதுவரை சொல்வான். தம்பியின் வழி எது தெரியுமா? மேட்டுப்பாளையம் பஸ் நிலையம், அங்கே டீக்கடையில் அவனைப் பார்த்ததும் எழுந்துவரும் இரண்டு பேர், பிறகு குஞ்சப்பனை, கொண்டை ஊசி வளைவுகள், கடைசியில் பச்சைத் தேயிலை விற்ற காசு உரத்துக்கே போதாத எங்கள் வீடு. அவனோடு உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தமாகக் கேட்டால்தான் அந்த டீக்கடை உங்களுக்குத் தெரியவரும்.

விசாரணைக் கைதிக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று கிடையாது. ஜாமீன் இன்று மாலையே வரலாம். ஆகவே தாங்கும் திறன் இறங்கும் என்பதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப் போடாமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மலையில் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை போக வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அவன் பையில் வையுங்கள். வீட்டில் ஒருவரையாவது அழைத்துச் சொல்லுங்கள்.

என் கைப்பேசி எண் அவன் கோப்பில் இருந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த எட்டு மாதமும் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு அங்கே போய் நிற்பேன். ஜாமீன் கிடைத்த செய்தியை, ராத்திரி வாசலில் வந்து நின்று அவனேதான் சொன்னான்.