மீரிக்குப் புறப்படும் மகளுக்கு

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். சரவாக்கின் மீரி தீயணைப்பு நிலையத்துக்கு உன்னைப் போகச் சொன்ன பணியிடக் கடிதத்தை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மீரியா? எப்போது மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்?" பயிற்சிக் கழகத்தை விட்டு நீ இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் திரும்பி வருவதைப் பற்றிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

நம் தீபகற்பத்தில் 1976 வரை தீயணைப்பு வேலையை மாநில அரசுகளும் ஊராட்சி மன்றங்களும் பார்த்துக்கொண்டன. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் கூட்டரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்தந்த ஊர்க்காரர்களே அந்தந்த ஊர் பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், சேர்ந்திருந்த நிலை மாறி, சுங்கை சிப்புட் பிள்ளையைக் கடல் தாண்டி மீரிக்கு அனுப்பக்கூடிய ஏற்பாடு அப்படித்தான் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே பயிற்சி, ஒரே தரம் என்பது சிறிய விஷயம் இல்லை. ஆனால் பயிற்சிக் கழகத்தில் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று உண்டு, அது போய்ச் சேருகிற ஊரைப் பற்றிய அறிவு. உயிர் காக்கும் வேலையில் அது எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை நான் தோட்டத்து ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் தோட்டத்தில் யாருக்கும் முகவரி என்று ஒன்று கிடையாது. "மேட்டு லயத்துக் கடைசி வீடு", "பெரட்டுக் களத்துக்குப் பின்னால்", "பழைய புகைக்கூடு" என்றுதான் ஆள் வந்து சொல்லும். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்திய பழைய புகைக்கூட்டை இடித்து அந்த இடத்தில் செம்பனை நட்டுப் பல காலம் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்த இடத்துக்குப் பெயர் அதுதான். நான் விடுப்பில் இருந்த ஓர் இரவு, வெளி மாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஓட்டுநர் வண்டியை எடுத்தார். வண்டி ஓட்டுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், முதலுதவியும் நன்றாகத் தெரிந்தவர். பழைய புகைக்கூட்டுப் பக்கம் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று தகவல் வந்ததும், அவர் நேரே ஆற்றோரம் பூட்டிக் கிடந்த புகைக்கூட்டுக்குப் போய் நின்றார், ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தெரிந்த பழைய புகைக்கூடு அது ஒன்றுதான். அங்கே இருட்டும் கொசுவும்தான் இருந்தன. கடிபட்டவர் மறுகோடியில், செம்பனை மட்டைகளை அடுக்கிப் போட்டிருந்த வரிசைக்கு நடுவில், கணுக்காலுக்கு மேல் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; கால் முழங்கால் வரை வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் பிறகு அந்தக் காலை அவர் இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அந்த ஓட்டுநர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஊரின் வாயில் என்ன பெயர் வழங்குகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரவாக்கில் இது இன்னும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் நீள வீடுகளைத் தலைவர் பெயரை வைத்துத்தான் அழைக்கிறார்கள். துவாய் ரூமா எனப்படும் அந்தத் தலைவர் காலமாகி அடுத்தவர் வந்தால் வீட்டின் பெயரும் மாறிவிடுகிறது. வரைபடத்தில் பழைய பெயர் இருக்கும், 999இல் அழைக்கிறவர் புதிய பெயரைச் சொல்லுவார், அவருக்குப் பதற்றம் வேறு. அந்த நேரத்தில் "அது இந்த வீடுதான்" என்று சட்டென்று புரிந்துகொள்கிற ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீ ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு மாதத்தில் மாற்றலுக்கு மனுப் போட்டுவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த அறிவு வராது, ஏனென்றால் விட்டுப் போகப் போகிற ஊரை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை.

நீள வீட்டுத் தீ எப்படிப்பட்டது என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லயத்தில் பிறந்தவள் நீ. ஒரே கூரை, பொதுச் சுவர், அடுத்தடுத்துக் குடும்பங்கள், ஒரு வீட்டு அடுப்பில் பிடித்தால் கூரைக்கு அடியிலேயே ஓடிப் பத்தாவது வீட்டில் எட்டிப் பார்க்கும். அங்கே பெரும்பாலும் பலகை, அதனால் இன்னும் வேகமாகப் போகும். தண்ணீர்க் குழாய் இருக்காது. ஆற்றில் பம்பை இறக்கித்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஓய்வு நாளில் போகும்போது எந்தத் துறையில் வண்டியை ஆற்றோரம் வரை இறக்க முடியும், வறட்சியில் ஆறு எவ்வளவு வற்றும் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள். கோல பாராம் பக்கத்துத் தானா கம்புட் எனப்படும், மட்கிய செடிகொடி சேர்ந்த சதுப்பு நிலத்தில் பிடிக்கிற தீயைப் பற்றியும் அவர்களிடமே கேள். மேலே அணைந்தது போல் இருந்து மண்ணுக்கு அடியில் எரிந்துகொண்டே போகும் தீ அது, நடக்கும்போது கால் உள்ளே இறங்கிவிடும். எங்கே நிலம் உறுதியானது என்பது அங்கே காலம் காலமாக நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நீ மருத்துவ மீட்புப் பிரிவுக்குப் போகிறாய் என்பதால் இன்னொன்று. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திவிடாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது என்று போன விடுமுறையில் நீதான் எனக்குச் சொன்னாய். கூடத்தில் தலையணையை வைத்து அம்மாவுக்கும் பழக்கிக் காட்டினாய். படகிலும் செம்மண் சாலையிலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நீ நிமிடக் கணக்கில் போய்ச் சேரப் போவதில்லை. அங்கே முதலில் கை வைக்கப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆகவே அந்தத் தலையணைப் பாடத்தை நீள வீட்டு ருவாயில், அதாவது பொதுத் திண்ணைக் கூடத்தில், உட்கார்ந்து அவர்களுக்கும் சொல்லிக் கொடு. அதற்கு அவர்கள் பேச்சு வேண்டும். நம் பள்ளிக்கூட மலாய் மட்டும் அங்கே போதாது. சரவாக் மலாயையும் நீள வீட்டு மக்களின் மொழியான இபானையும் கொஞ்சம் முதல் மாதமே பழக ஆரம்பி.

பயத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங் ஈயக் குட்டையில் ஒரு பையனைத் தேடி இறங்கிய பொம்பா முக்குளிப்பு வீரர்கள் 6 பேர் நீரின் வேகத்தில் மாண்டார்கள். அன்று நீ தொலைக்காட்சிக்கு முன்னால் அசையாமல் நின்றதையும், அதன் பிறகுதான் இந்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததையும் நான் மறக்கவில்லை. அவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். பாராம் ஆறு எனக்குப் பழக்கம் இல்லாத ஆறு, முதலையும் உள்ள ஆறு. நீரில் இறங்கச் சொன்னால், கயிறு யார் கையில் இருக்கிறது, வேகம் என்ன, கரையில் உதவிக்கு யார் என்று கேட்டுவிட்டு இறங்கு. கேட்பதைக் கோழைத்தனம் என்று எவராவது சொன்னால் சொல்லட்டும். ஒரு கெட்ட அழைப்புக்குப் பிறகு தூக்கம் வராமல் போனால் உடன் வேலை செய்கிறவர்களிடம் பேசு, எனக்கும் எந்த நேரத்திலும் அழை. பிள்ளை பயந்துவிடுவாள் என்று நாங்கள் எதையும் மறைக்கப் போவதில்லை, நீயும் மறைக்காதே.

தீபாவளி நாடெங்கும் பொது விடுமுறை, சரவாக்கில் மட்டும் இல்லை. முதல் வருடம் அது உனக்குக் கனமாகத்தான் இருக்கும். அன்று வேலையில் இருந்தால் முறுக்கையும் அதிரசத்தையும் நிலையத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடு. ஜூன் மாதம் அவர்களுடைய அறுவடைத் திருநாளான கவாய் வரும்போது நீ வேலையை ஏற்றுக்கொண்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பு. நீண்ட விடுப்புக் கிடைத்தால் கூச்சிங் போய் மாத்தாங் மலை மாரியம்மன் கோவிலைப் பார்த்துவிட்டு வா. மீரியிலிருந்து தூரம்தான், ஆனாலும் சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா சார்ல்ஸ் புரூக் காலத்தில் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் காட்டுக்குள் கட்டிய கோவில் அது. அவர்களை யாரும் விருப்பம் கேட்டு அழைத்துப் போகவில்லை. நீ விருப்பம் சொல்லிப் போகிறாய்.

எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மாவின் சர்க்கரை மருந்துக்கு நான் கிளினிக் போய்வருகிறேன், எதிர்வீட்டு மாமாவிடம் சாவி ஒன்று இருக்கிறது. நாங்கள் அங்கே வருவதும் கடினம் இல்லை. மைகார்டு அடையாள அட்டையைக் காட்டினால் 90 நாள் வரை தங்க விடுகிறார்கள், கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உன் வேலை நேர அட்டவணை கைக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்பு. பள்ளி விடுமுறையில் சீட்டு விலை ஏறிவிடும் என்பதால் அதற்கு முன் ஒரு வாரமாகப் பார்த்து எடுத்துவிடுகிறேன். பயணப் பெட்டியில் மிளகாய்த் தூளையும் ரசப்பொடியையும் தனித்தனியாகக் கட்டி வைக்க அம்மா ஆரம்பித்துவிட்டாள், எடை கூடுகிறது என்று அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா