சாவியைப் பட்டணத்தில் வையுங்கள்: மாவட்ட மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தோட்டப் பட்டணத்தின் பேருந்து நிலையத்தை ஒட்டி, சனி ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிவறையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் புகார்க் கடிதங்கள் எல்லாம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. போன சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எதிர்வரிசையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள் நான். கண்ணால் பார்த்தேன்.

கோலாலம்பூரைச் சேர்ந்த கணவன் மனைவி. இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்த பிறகு, முதன்முறையாக இருவர் மட்டும் கிளம்பிய பயணமாம். கோலா தாஹானில் தங்கி, தெம்பெலிங் ஆற்றில் படகேறி, தாமான் நெகாரா தேசியப் பூங்காவை ஆசை தீரப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தலைநகருக்கு எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். ஜெராண்டுட்டில் இறங்கியிருக்கிறார்கள், தெமர்லோவில் பாத்தின் மீன் குழம்போடு சாப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று கைப்பேசியில் வழிகாட்டும் வேஸ் செயலி காட்டியதால் பழைய சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இனிப்பு நீர். போதாததற்கு ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் எடுக்கிறார். அடக்கிவைக்க முடியாத உடம்பு.

பெரிய சாலையில் 'தண்டாஸ்', அதாவது கழிவறை, என்று மலாயில் எழுதி அம்புக்குறி போட்ட பலகை நிற்கிறதே, நீங்கள் வைத்தது, அதை நம்பித்தான் அந்தக் கார் உள்ளே திரும்பியது. அந்த அம்மா இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். பெண்கள் பக்கம் பூட்டு. ஆண்கள் பக்கமும் பூட்டு. கணவர் கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் கடையிலிருந்து கத்திக் கூப்பிட்டுக்கொண்டே சாலையைக் கடந்து ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மாவின் உடை நனைந்துவிட்டது. அவர் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் சட்டையைக் கழற்றி மனைவியின் இடுப்பில் சுற்றிக் கட்டினார். பனியனோடு அவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

கடைக்குப் பின்னால் அழைத்துப் போய்த் தண்ணீரும் துண்டும் கைலியும் கொடுத்தேன். "மன்னிச்சிருங்கம்மா, இடத்த அசிங்கப்படுத்திட்டேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரில்லை, தலைவர் அவர்களே. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதை எழுதச் சொன்னவர் அவர்தான்.

அந்தப் பூட்டின் சாவி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை உங்கள் ஊழியர் வந்து திறக்கிறார், வேலை நேரம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகிறார். சனி, ஞாயிறு அலுவலகம் விடுமுறை. பொது விடுமுறை நாளிலும் அப்படித்தான். ஆனால் தாமான் நெகாராவுக்கும், லாஞ்சாங் பக்கம் கோலா காண்டா யானைகள் காப்பகத்துக்கும் போகிறவர்கள் அதிகமாக இந்த வழியில் வருவது எப்போது? சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பெருநாள். கூட்டம் வரும் நாளெல்லாம் கழிவறைக்கு விடுமுறை. ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சாவியைப் பட்டணத்தில் வையுங்கள்.

வெளியூர்க்காரர்களாவது ஒரு நாள் பட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் எங்கள் பெண்களை நினைத்துப் பாருங்கள். சம்பளம் போட்ட வாரக் கடைசியில்தான் அவர்கள் பட்டணத்துக்கு வருவார்கள். சாமான் வாங்கி, பிள்ளைக்குச் சட்டை எடுத்து, மாலையில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையைச் சுற்றிவிட்டுக் கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். என் கடையில் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீரைத் தொட மாட்டார்கள். "டீ வேணாங்க்கா, பஸ்ல போகணும்" என்பார்கள். வெயிலில் பகலெல்லாம் செம்பனையில் வேலை செய்கிற உடம்பு, பட்டணத்துக்கு வருகிற அன்றைக்கு மட்டும் காலையிலிருந்தே வாயை நனைக்காமல் காய்கிறது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகினால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும் என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கேட்டுக்கொண்டு வந்து எங்கே போவார்கள்? மாதவிலக்கு நாளில் வந்துவிட்டால் படும் பாட்டை உங்கள் மன்றத்துப் பெண் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் கடையின் பின்கட்டில் குந்தி உட்காரும் கழிவறை ஒன்று இருக்கிறது. கேட்கிற எல்லாருக்கும் திறந்துவிடுகிறேன். முட்டி மடங்காத வயதானவர்களுக்கு அது உதவாது. கோயில் கழிவறை பூஜை நேரத்தில்தான் திறந்திருக்கும். பெட்ரோல் நிலையம் பட்டணத்துக்கு வெளியே, நடந்து போக முடியாத தூரத்தில்.

குழாயைத் திருடுகிறார்கள், கதவை உடைக்கிறார்கள், அதனால்தான் பூட்டுகிறோம் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். நடந்தது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்தில் திருட்டு நடக்கும். ஓர் ஆளை உட்கார வையுங்கள். தலைக்கு முப்பது காசு வாங்குங்கள், ஐம்பது காசு கூட வாங்குங்கள், கொடுக்கிறோம்.

2004-இல் கிழக்குக்கரை நெடுஞ்சாலை திறந்த பிறகு இந்தப் பழைய சாலையில் வண்டிகள் குறைந்தன. எங்கள் வரிசையில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. டோல் கட்டிப் போகிறவர்களுக்கு வழியில் ஓய்விடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கழுவிவிட ஆள் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, இளைஞர்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். எதைக் கேட்டாலும் "அங்கே ஆள் குறைவு" என்ற பதில்தான் வருகிறது. பேருந்து நேரம் குறைந்ததற்கும் அதே பதில், தெருவிளக்கு எரியாததற்கும் அதே பதில். மிச்சம் இருக்கிற நாங்களும் மனிதர்கள்தானே? தாமான் நெகாராவின் 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை 1930-களிலிருந்து சட்டம் போட்டுக் காத்துவரும் நாடு இது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதைப் பார்க்க வாருங்கள் என்று உலகத்தையே அழைக்கிறோம். 2026 மலேசியா வருகை ஆண்டுக்கான பதாகை எங்கள் பேருந்து நிலைய வேலியிலேயே தொங்குகிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் அந்த அம்மா நின்றார்.

சரி, மற்றதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்பதைச் செய்து கொடுங்கள். சாவியைப் பட்டணத்தில் வையுங்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லா நாளும் கடைசிப் பேருந்து போகும் வரை திறந்திருக்கட்டும். தண்ணீர் தடைபடும் நாளுக்கு ஒரு தொட்டி, பெண்கள் பக்கத்தில் உள்தாழ்ப்பாளும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும், இரவுக்கு ஒரு விளக்கு. முட்டி மடங்காதவர்களுக்கு நாற்காலி போல உட்காரும் கழிவறை ஒன்றாவது வேண்டும்.

ஆள் கிடைக்கும்வரை சாவியை எங்களிடம் கொடுத்தாலும் சரி. இந்த வரிசைக் கடைக்காரர்கள் முறை வைத்துத் திறந்து பூட்ட ஒப்புக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்துபவள்