எந்த உரிமையில் அவள் கேட்கிறாள்?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய துப்பறியும் நாவலின் பாதிப் பிரதியைப் படித்து முடித்தேன். கொலையாளி யார் என்று இன்னும் ஊகிக்க முடியவில்லை; இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கு ஒரு முரண்பாடு. பெரியவரின் பிணம் கிடக்கும் அறைக்குள் உன் கதாநாயகி நேராக நுழைந்து, நேற்றிரவு எங்கே இருந்தீர்கள் என்று அவருடைய மருமகனை அதட்டுகிறாள். அவரும் மறுபேச்சில்லாமல் பதில் சொல்கிறார். அருகில் நிற்கும் இன்ஸ்பெக்டரோ வாயே திறக்கவில்லை. அவள் போலீஸ் இல்லை, வக்கீலும் இல்லை. பிறகு எந்த உரிமையில் கேட்கிறாள்?

துப்பறிபவர் ஆணாக இருந்தால் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடலாம். பெண்ணைத் துப்பறிய வைத்தவர்கள் ஏதாவதொரு விடையைத் தேடித்தான் ஆகவேண்டியிருந்தது. 1864-லேயே இங்கிலாந்தில் துப்பறியும் பெண்ணை நாயகியாகக் கொண்ட நூல்கள் வெளிவந்துவிட்டன. ஆனால் ஈடித் ஸ்மித் என்ற பெண், கைது செய்யும் முழு அதிகாரத்தோடு அந்நாட்டில் காவல் பணி ஏற்றது 1915-இல்தான். அந்த நாயகிகளின் அதிகாரம் முழுக்க எழுதியவர்களின் கற்பனை. அமெரிக்காவில் கேட் வார்ன் 1856-இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தபோது, ஆண்கள் நுழைய முடியாத இடங்களிலும் பெண்ணால் ரகசியங்களைக் கறக்க முடியும் என்று வாதாடித்தான் வேலை வாங்கினார் என்பார்கள். உனக்கு உதவக்கூடிய வாதம் அது.

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியை அன்னா கேத்தரின் கிரீன் வக்கீலின் மகள். 1878-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அமோகமாக விற்றது. அதில் துப்பறிந்தவர் ஓர் ஆண். 1897-இல்தான் அமேலியா பட்டர்வொர்த் என்ற மணமாகாத நடுவயதுச் சீமாட்டியைக் கொண்டுவந்தார். நள்ளிரவில் வண்டிச் சத்தம் கேட்டு அவள் ஜன்னல் வழியே பார்க்கிறாள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் போகிறார்கள், சற்று நேரத்தில் ஆண் மட்டும் திரும்புகிறான். மறுநாள் அந்த வீட்டைத் திறந்து பார்க்கும்படி போலீஸ்காரரை வற்புறுத்தி, தானும் கூடவே உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கிருந்த உரிமை, அடுத்த வீட்டுக்காரி என்பது மட்டுமே.

அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய நாவலொன்றில் ஒரு டாக்டரின் அக்கா வருகிறாள். வீட்டை விட்டு நகராமலேயே, வேலைக்காரர்களும் பால்காரரும் கொண்டுவரும் செய்திகளை வைத்து ஊர்க்கதை முழுவதையும் தெரிந்துகொள்ளும் கரோலின் அவள். அதே கதை மேடையேறியபோது அவளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அழகான இளம்பெண்ணை வைத்தார்கள். அது கிறிஸ்டியை மிகவும் உறுத்தியது. அவருடைய துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் உருவானதற்கு அந்தக் கரோலின் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். பின்னல் வேலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அவள் கேள்வியே கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் தாமாகவே அவள் முன்னால் பேசிவிடுகிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விடையை நான் படித்ததில்லை.

ஆங்கில நாவலாசிரியை பி. டி. ஜேம்ஸின் விடை இதற்கு நேர்மாறானது. பிரிட்டிஷ் உள்துறையில் வேலை பார்த்த அவர், போலீஸ் அதிகாரியாகப் படைத்தது ஓர் ஆணை. 1972-இல் கார்டீலியா கிரேயை எழுதும்போதோ, தற்கொலை செய்துகொண்ட கூட்டாளி விட்டுப்போன நொடித்த துப்பறியும் நிறுவனத்தை அந்த இளம்பெண்ணின் தலையில் கட்டினார். இது பெண்ணுக்கு ஏற்ற வேலையா என்று எதிர்ப்படுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, அவள் தன் வேலையைப் பார்க்கிறாள். உரிமை இல்லாததையே கதையாக்கிவிட்டார். 1982-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் சாரா பாரெட்ஸ்கியும் சூ கிராஃப்டனும் தங்கள் நாயகிகளுக்கு உரிமம், துப்பாக்கி எல்லாம் கொடுத்தார்கள். உன் கதாநாயகி அந்த வழியில் வந்தவள் என்று நினைத்திருப்பாய். ஆனால் அவளிடம் உரிமம் இல்லையே!

இரண்டாம் அத்தியாயத்தில், அவள் அந்தப் பெரியவருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நீயே மறந்துவிட்டாய். கிறிஸ்டியும் முதல் உலகப் போரின்போது நர்ஸாக இருந்து, பிறகு மருந்துகள் வழங்கும் பிரிவில் விஷங்களைப் பற்றிக் கற்றவர்தான். 1920-இல் வந்த அவருடைய முதல் நாவலில் விஷத்தைக் கையாண்ட விதத்தை மருந்தாளர்களின் இதழே மெச்சியது. எனவே மூன்றாம் அத்தியாயத்தை மாற்றி எழுது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லட்டும். மருந்துத் தட்டை எடுக்க வந்தேன் என்று அவள் மட்டும் உள்ளே நிற்கட்டும். புட்டியில் மருந்து எவ்வளவு குறைந்திருக்க வேண்டும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவள் கண் அளக்கட்டும். மருமகனை அதட்டுவது இன்ஸ்பெக்டரின் வேலையாகவே இருக்கட்டும். மருமகனின் பொய்யை அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டால் போதும். ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் கைப்பையிலிருந்து வரும் துப்பாக்கியையும் தயவுசெய்து எடுத்துவிடு.

திருத்தியதை எனக்கு அனுப்பு. கொலையாளியின் பெயரை மட்டும் உன் அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவிடாதே. நான் படித்து முடிப்பதற்குள் அவர் உளறிவிடுவார்.

அன்புடன்,
அம்மா