பாறைக்கு அடியில் நிற்காதே

மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அத்தைக்கு அனுப்பிய படத்தை அவள் எனக்குக் காட்டினாள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் இருக்கும் கரை. இளைத்திருக்கிறாய். படியிறங்கி மணலுக்குப் போய், செங்குத்துப் பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறாய். அங்கே ஏன் நின்றாய்?

அது இளகிய சுண்ணாம்புக்கல், தம்பி. அலை விரிசலில் புகுந்து குகை குடையும். கடலுக்குள் நீண்ட பாறைமுனையின் இரண்டு பக்கக் குகைகளும் சேர்ந்தால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண். அடிப்பக்கம் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. அரிகிறது. தலைப்பாரம் அப்படியே இருக்க, கால் மட்டும் சிறுத்துப்போகும். 2005 ஜூலையில் 50 மீட்டர் தூண் ஒன்று நொடிகளில் கற்குவியலானது. 1990 ஜனவரியில் பக்கத்தில் 'லண்டன் பாலம்' என்ற பாறை வளைவு உடைந்து, கடல் நடுவே மாட்டிய இருவரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. அதற்குமுன் அதன்மேல் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்!

மழை பெய்த மறுநாள் போகாதே. மழைநீர் விரிசலில் இறங்கிப் பாறையைத் தளர்த்தும். அதில் கரைந்த கரியமில வாயு நாளடைவில் சுண்ணாம்பைக் கரைத்து விரிசலை அகலமாக்கும். கீழே கிடக்கும் கல்லைப் பார்: விளிம்பு கூராக, உடைந்த முகம் வெளுப்பாக இருந்தால் அது புதிதாக விழுந்தது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி நில். அடியில் நிற்காதே.

அவ்வளவு தூரம் போய் நீ சம்பாதிப்பதைத் தெருவே பேசுகிறது, எனக்குப் பெருமைதான். அத்தைக்குப் படம் அனுப்ப நேரம் இருக்கிறது.

அலை தொடாத இடத்திலும் கல் உதிரும். தனுஷ்கோடி மாதா கோவில் சுவரில் உனக்குக் காட்டியிருக்கிறேன். உப்புநீர் பவளக்கல்லின் துளைகளில் ஏறும். காய்ந்தால் உப்பு படிகமாகி உள்ளிருந்து நெட்டும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் மட்டத்தில்தான் கல் அதிகம் பொரியும். முப்பது வருடம் வகுப்பில் சொன்ன பாடம் இது.

அதைச் சொன்ன நானே நம் வீட்டுக் கிழக்குப் பக்கப் பவளக்கல் சுவரில் சிமெண்ட் பூசிவிட்டேன். பொங்கலுக்கு நீ வேண்டாம் என்றாய். சித்தப்பா முன்னால், "உனக்கென்ன தெரியும்" என்று கேட்டுவிட்டேன். தெரிந்தது உனக்குத்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டது, உப்பும் அதோடு வந்து பூச்சிலேயே உதிர்ந்தது. சிமெண்ட் வழியை அடைத்ததும் உப்பு கல்லுக்குள்ளேயே படிந்துவிட்டது. இப்போது இடுப்பு உயரம் வரை உப்பியிருக்கிறது, தட்டினால் பொள்ளென்று சத்தம். போன வாரம் ஒரு பாளம் விழுந்தது. பின்னால் தாத்தா வைத்த கல் மாவாக இருந்தது. அதற்குப் பதில் வைக்கப் பவளக்கல் கடலிலிருந்து எடுக்கவும் முடியாது, சட்டம் விடாது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெளுத்த உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தட்டவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி. கடல்மணல் கூடவே கூடாது.

ஐப்பசி மழைக்கு முன் பூசிவிடலாமா, தை வரை காயவிடலாமா என்று கொத்தனார் கேட்கிறார். காயவிடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைக் கைவைக்க விடமாட்டேன். ராத்திரி பத்து மணியானாலும் விழித்திருப்பேன், கூப்பிடு.

பாறைக்கு அடியில் நிற்காதே.

அம்மா