மழைக்கு முன் மாடி வேலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்துவிட்டால் நம் கடைக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். கடலூரில் மஞ்சக்குப்பமானாலும் முதுநகரானாலும் எடுத்த எடுப்பில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போன வருஷம் மாதிரி ஆகிடக் கூடாதுங்க." 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நமக்கும் குறைவில்லை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி நாணமேடு, குண்டு உப்பலவாடிப் பக்கமெல்லாம் வெள்ளம். அந்தக் கவலை எங்களுக்குப் புரிகிறது. இந்த வருடம் பலரும் முன்கூட்டியே அழைத்திருக்கிறீர்கள், நன்றி.

இந்த மடல் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வாரமாக நகர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "இவங்ககிட்ட காசு கொடுத்து மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் போட்டோம், ஒரே மழைக்கு பெட்ரூம்ல சொட்டுது" என்று. பதிவிட்டவர் எங்கள் வாடிக்கையாளர்தான், நல்ல மனிதர். கோபம் நியாயமானது. ஆனால் கதை பாதிதான் வந்திருக்கிறது.

அந்த வீட்டுக்கு நாங்கள் பூசியது பங்குனியில். பூசி முடித்து, மழைநீர்க் குழாயின் வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் காட்டினோம். கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை, வீட்டம்மாவும் பார்த்தார். அதற்கப்புறம் வைகாசியில் வேறொருவர் வந்து மாடியில் சோலார் ஸ்டாண்டு நிறுத்தியிருக்கிறார். நிறுத்தட்டும், நல்ல காரியம்தான். ஆனால் ஸ்டாண்டின் கால் வைத்த இடமெல்லாம் டிரில் போட்டு, நாங்கள் பூசியதையும் தட்டோட்டையும் துளைத்து, தளம் வரைக்கும் ஆங்கர் போல்ட் இறக்கியிருக்கிறார். புகார் வந்த மறுநாளே போனோம். ஒரு போல்ட்டைச் சுற்றி மண்ணால் சின்னதாக வரப்பு கட்டி ஒரு சொம்புத் தண்ணீர் விட்டோம். குமிழி விட்டுக்கொண்டே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழே ஃபேன் கொக்கி ஓரமாகச் சொட்டத் தொடங்கியது. இதை வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்த பிறகும் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை குழுவில் விழுந்ததை யார் திரும்ப எடுக்க முடியும்?

இதைப் பெரிதாக்கவில்லை. ஆனால் மாடியில் சோலாரோ, டிஷ்ஷோ, துணி உலர்த்தும் கம்பமோ எது வைத்தாலும் தளத்தைத் துளைக்காதீர்கள். சிமென்ட் கட்டை போட்டு அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால் துளைக்கும் முன் ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லுங்கள்.

அடுத்து விலை. "சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி குறைச்சாச்சே, நீங்க மட்டும் ஏத்துறீங்களே" என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. ஆனால் மாடி பூசும் வேலையில் சிமென்ட் எவ்வளவு போகிறது? செலவெல்லாம் வாட்டர்ப்ரூஃப் மருந்துக்கும் கூலிக்கும்தான். மருந்துக்கும் பெயிண்டுக்கும் வரி முன்பும் 18, இப்போதும் 18. எம்-சாண்டும் ஜல்லியும் ஏப்ரலில் ஏறியதை நீங்களும் பார்த்தீர்கள். கொத்தனார் கூலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீடு கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே சதுர அடிக்கு 6 ரூபாய் கூடுகிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான்.

நம் பெரிய மேஸ்திரி இந்த ஆடியோடு வேலையை நிறுத்திக்கொண்டார். முட்டி வலி, ஏணி ஏற முடியவில்லை. முதுநகரில் மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்குச் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு, கட்டையால் தட்டித் தட்டி இறுக்குகிற வேலை அவர் கைக்குத்தான் சரியாக வரும். இப்போதிருக்கும் பையன்கள் கெட்டிக்காரர்கள், கான்கிரீட் மாடியை நம்பி விடலாம். சுண்ணாம்புத் தளத்துக்கு மட்டும் இந்தப் பருவத்தில் புது வேலை எடுக்கவில்லை. அந்தத் தளத்தின் மேல் சிமென்ட் பூசிக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுண்ணாம்புத் தளத்தோடு சிமென்ட் பூச்சு ஒத்துப்போகாது, வெடிப்பு விடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மர உத்திரத்தை அரிக்கும்.

தீபாவளிக்குப் பிறகு பூச்சு வேலைக்கு வர மாட்டோம் என்கிறோமே, அது பிகு இல்லை. தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் முதல் வெயிலுக்கே கொப்பளித்து, பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் வெடிப்பு அடைப்பது, குழாய் மாற்றுவது போன்ற அவசர வேலைக்கு வருகிறோம். பூச்சு தை, மாசியில்தான்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது சில உண்டு. மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகு சேராமல் பாருங்கள். பாதி வீடுகளில் ஒழுகலுக்குக் காரணம் தளம் இல்லை, அடைத்த குழாய்தான். கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரலால் தடவிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அங்கேதான் இறங்கும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே மட்டும் ஒடித்துப் போடாதீர்கள், வேர் உள்ளேயே தடிக்கும். கடற்கரைப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இருப்பவர்கள் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கலவையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். வெள்ளம் வருகிற தெருவானால் சம்ப் (தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடியின் விளிம்பை ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். மழையில் கதவு உப்பி இறுகினால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்க வேண்டாம், மாசியில் காய்ந்ததும் இடுக்கு விழும். மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள்.

2011 தானே புயலில் ஓடு பறந்த காலத்திலிருந்து எங்களைக் கூப்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்பா கட்டிய வீட்டுக்கு இப்போது பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். வேலை நடக்கும்போது பையன்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, மதியம் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். உங்களுக்கெல்லாம் மனமார்ந்த நன்றி. இனி கொடுக்கும் ரசீதுகளில் உத்தரவாதம் 5 வருடத்துக்குப் பதில் 3 வருடம் என்று இருக்கும், ரசீதில் மற்றபடி எதுவும் மாறவில்லை.

அந்தக் குரல் பதிவு போட்ட ஐயாவுக்கும் சொல்லிக்கொள்கிறோம்: போல்ட் ஓட்டைகளை நாங்களே அடைத்துத் தருகிறோம், கூலி வேண்டாம். ஸ்டாண்டு போட்டவரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாடி வேலைக்காரர்கள்,
கடலூர்