பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் நல்லபடியாக நடந்தன. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு முடிந்தது. ஏழாம் வகுப்பார் தேரூர் குளத்துக்குப் பறவை பார்க்கப் போய்வந்தார்கள். ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

இன்னொரு விஷயம். இந்த ஒரு மாதத்தில் மூன்று பிள்ளைகள் பச்சைக்கிளிக் குஞ்சைப் பள்ளிக்கு எடுத்துவந்தார்கள். கடைசிக் குஞ்சு செருப்புப் பெட்டிக்குள் வந்தது. இறகு விரியாமல் உடம்பெல்லாம் முள் முள்ளாக நின்றது. அலகோரம் பால்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. இடைவேளை மணிக்கு முன்பே செத்துப்போனது. அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைமேல் எனக்கு வருத்தமில்லை. பொந்தில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தது பெரியவர்கள்.

மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்தில்தான் கிளி பெரும்பாலும் முட்டையிடும். நம் பக்கத்தில் அதற்குக் கிடைப்பது மண்டை போன தென்னையும் பட்டுப்போன பனையும். தோப்பை அழித்துப் பிளாட் போடும்போது அவையும் போய்விடுகின்றன. மிஞ்சிய பொந்திலும் நாம் கைவிட்டால் அது எங்கே போகும்?

"கிளி என்ன டீச்சர், அழியிற இனமா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் பச்சைக்கிளி 'கவலை குறைந்த' இனம். கோயில் வாசலில் தினமும் பார்க்கிறோமே நாட்டுக்குரங்கு, அதுவும் 2008-இல் அதே வரிசையில்தான் இருந்தது. இன்று அது 'அழிவாய்ப்பு' இனம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத்தண்டனை வரை போகும். இனி ஒரு குஞ்சு பள்ளிக்குள் வந்தாலும் வனத்துறைக்குத் தகவல் போகும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டேன்.

ஏற்கெனவே வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் பயந்துபோய்த் திறந்துவிட வேண்டாம். சிறகு வெட்டிய கிளியைக் காகமும் பூனையும் விட்டுவைக்காது. என்னிடம் சொல்லுங்கள், வனத்துறையில் ஒப்படைக்க நானே கூட வருகிறேன்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா, மண்டை போன தென்னையை வெட்ட ஆள் வந்தும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பொந்திலிருந்து ஒரு சிவந்த அலகு எட்டிப் பார்த்தது. அவருக்கும், குஞ்சைத் தாமே திரும்பக் கொண்டுவந்து தந்த இரண்டு பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியை